கேமரன் மலைத் தக்காளி: பழம் இங்கே, விதை எங்கே?

வெங்காயமும் பூண்டும் கப்பலேறி வருகின்றன. மிளகாயிலும் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்குதான். ஆனால் தக்காளி அப்படியல்ல. மலேசியர்களின் சமையலறைக்குப் போதுமான தக்காளியை மலேசியாவே விளைவித்து, மிச்சத்தைச் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறது. புள்ளியியல் துறையின் கணக்கில் தன்னிறைவு விகிதம் நூறு விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் காய்கறிகளில் இதுவும் ஒன்று. அந்தப் பெருமையில் பெரும்பங்கு கேமரன் மலைக்கு உரியது. ரிங்லெட், பெர்த்தாம் வேலி, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் அந்தச் செடிகள் நிற்கின்றன. அங்கே கைலேகம் பதித்தவர்களில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளியேறி ஓரிரண்டு ஏக்கரில் காய்கறி போட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

ஆனால் அந்தத் தன்னிறைவுக் கணக்கில் ஒன்று சேர்க்கப்படுவதில்லை. அது விதை. மலையில் நடப்படும் தக்காளி நாற்றுகள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள் உருவாக்கிய கலப்பின விதையிலிருந்து வருபவை. ஒவ்வொரு நடவுக்கும் புதிய பொட்டலம் வாங்க வேண்டும். இந்த விதை எடைக்கு அல்ல, எண்ணிக்கைக்கு விற்கப்படுகிறது.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. சிபிடிபிபி எனப்படும் பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தம் மலேசியாவுக்கு 2022 நவம்பர் 29-இல் நடப்புக்கு வந்தது. அதில் உள்ள கடப்பாடுகளில் ஒன்று, யூபோவ் எனப்படும் புதிய பயிர் இரகப் பாதுகாப்புக்கான அனைத்துலகச் சங்கத்தின் 1991-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர வேண்டும் என்பது. அதற்கு மலேசியாவுக்கு 4 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசம் 2026 நவம்பரோடு முடிகிறது. சேர வேண்டுமானால் 2004-ஆம் ஆண்டின் புதிய தாவர இரகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் இதை எதிர்த்துப் பேசி வருகின்றன. விதை உரிமை என்றதும் நெல்தான் எல்லார் நினைவுக்கும் வருகிறது. தக்காளியை வைத்துப் பார்த்தால் இந்த விவகாரம் இன்னும் சற்றுச் சிக்கலானது.

பொட்டலத்துக்குள் இருக்கும் உழைப்பு

கலப்பின விதையை 'எஃப் 1' என்பார்கள். நோய் தாங்கும் ஒரு செடியையும் நன்றாகக் காய்க்கும் இன்னொரு செடியையும் பெற்றோராக வைத்து, இரண்டின் நல்ல குணங்களும் முதல் தலைமுறையில் ஒன்றுசேரும்படி செய்வது. செடிகள் ஒரே உயரத்தில் வளரும், பழங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆனால் அந்தப் பழத்தின் விதையை எடுத்து மறுபடி நட்டால் குணங்கள் சிதறிவிடும். ஒரு செடி பாட்டியைப் போல, ஒரு செடி தாத்தாவைப் போல, ஒன்று யாரைப் போலவும் இல்லாமல் வரும். அதனால் வணிகத்துக்குத் தக்காளி போடும் எவரும் விதை எடுத்து வைப்பதில்லை. சட்டம் தடுப்பதால் அல்ல, இயற்கையே தடுத்துவிடுகிறது.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால் அது தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். கலப்பினம் வேண்டுமானால் பூ விரிவதற்கு முன்பே மொட்டைப் பிரித்து, மகரந்தப் பையை இடுக்கியால் பிடுங்கி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். பூப்பூவாக இதைச் செய்ய வேண்டும். இதற்கு இன்றுவரை சிக்கனமான இயந்திரம் வரவில்லை. கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்து ராணிபென்னூர் வட்டாரம் இந்த வேலைக்குப் பெயர் போனது. பல நிறுவனங்களின் தக்காளிக் கலப்பின விதை அங்கே கிராமத்துப் பெண்களின் விரல்களில் உருவாகிறது. விதை விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இந்த உழைப்பு. மறுபாதி, ஆய்வுக்கூடச் செலவும் நிறுவனத்தின் இலாபமும்.

இந்த விதைகளால் விவசாயிக்கு நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி ஒரு தோட்டத்தையே முடக்கக்கூடியது. அதைத் தாங்கும் மரபணுக்கள் தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளியிலிருந்து பல தலைமுறைக் கலப்பின் வழியாக நாட்டுச் செடிக்குள் கொண்டுவரப்பட்டவை. அந்தப் பாதுகாப்பு செடிக்குள்ளேயே இருந்தால் மருந்தடிப்பது குறையும். மருந்து குறைந்தால் செலவு மட்டுமா மிச்சம்? முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு மூடிய கூரைக்குள் மருந்தடிக்கும் தொழிலாளியின் நுரையீரலும் மிச்சம்.

எடை கூடியது, சுவை எங்கே போனது?

இக்காலத் தக்காளியில் ருசி இல்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் இளையவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதில் உண்மை இருக்கிறது, ஆய்வு ஆதாரமும் இருக்கிறது.

பழைய இரகங்களில் காய் பழுக்கும் முன் காம்பைச் சுற்றி அடர்பச்சையாக ஒரு தோள் இருக்கும். அது பழுத்த பிறகும் அந்த இடம் சில நேரம் மஞ்சளாகவோ பச்சையாகவோ நின்றுவிடும். கடைக்காரருக்கு அது பிடிக்காது. எனவே காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் செடிகளைப் பயிர் வளர்ப்பாளர்கள் ஏறக்குறைய 70 ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தனர். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பவலும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தேர்வின் விலையைச் சொன்னது. சீராகச் சிவக்க வைத்த அந்த மாற்றம், காய்க்குள் பச்சையம் உருவாக உதவும் ஒரு மரபணுவை முடக்கியிருந்தது. பச்சையம் குறைந்ததால் காய் தானே தயாரித்துக்கொள்ளும் சர்க்கரையும், சிவப்பு நிறம் தரும் லைகோபீனும் குறைந்துபோயின. அழகுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள், ருசி கூடவே போய்விட்டது.

இன்னொன்று, நாள்பட அழுகாத தக்காளி. மலையிலிருந்து லோரி இறங்கி, சிலாயாங் மொத்தச் சந்தையில் கைமாறி, பாசாருக்கோ பேரங்காடிக்கோ வந்து, பிறகு வீட்டுக் கூடையில் சில நாள் இருக்க வேண்டும். இதற்காகப் பழுப்பதைத் தாமதப்படுத்தும் ஒரு மரபணுவைக் கலப்பினங்களில் புகுத்தினார்கள். பழம் கல்லுப் போல உறுதியாக இருக்கும், பெட்டியில் நசுங்காது. வாசமும் நிறமும் அரைகுறையாகவே வரும். போதாக்குறைக்கு, காய் இலேசாக நிறம் மாறும்போதே பறித்துவிடுகிறார்கள். ரசத்துக்குத் தக்காளியைக் கையால் பிசைந்து கரைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எந்த ஆய்வும் சொல்லாமலே தெரியும். சாறும் புளிப்பும் போதாமல் புளியைக் கூடுதலாகக் கரைக்க வேண்டியிருக்கிறது.

பயிர் வளர்ப்பாளர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களிடம் கேட்கப்பட்டது எடை. விவசாயிக்குக் கிலோவுக்குத்தான் ரிங்கிட். ருசிக்கு ஒரு சென் கூடுதலாக எந்தத் தரகரும் கொடுத்ததில்லை. ஒரு செடி தயாரிக்கக்கூடிய சர்க்கரைக்கு எல்லை உண்டு. அதைப் பத்துப் பழத்தில் பிரித்தால் ஓரளவு இனிக்கும், முப்பது பெரிய பழத்தில் பிரித்தால் தண்ணீர்தான் மிஞ்சும். அமெரிக்காவில் 43 தோட்டப் பயிர்களின் சத்து அளவை 1950-ஆம் ஆண்டுக்கும் 1999-க்கும் ஒப்பிட்ட டொனால்ட் டேவிஸ் குழுவினர், புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்பு, வைட்டமின் சி உட்பட ஆறு சத்துகள் குறைந்திருப்பதாக 2004-இல் எழுதினார்கள். விளைச்சலை மட்டுமே நோக்கித் தேர்ந்தெடுத்ததை அவர்கள் முக்கியக் காரணமாகச் சுட்டினார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பெற வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1962-இல் பெருவின் மலைப்பகுதியில் உருளைக்கிழங்கு இரகங்களைத் தேடிச் சென்ற ஹியூ இல்டிஸ் என்ற தாவரவியலாளர், வழியில் கண்ட ஒரு காட்டுத் தக்காளியின் விதைகளைச் சேகரித்தார். கோலிக்குண்டை விடச் சிறிய, பச்சை நிறப் பழம். சாப்பிட ஒன்றும் இல்லை. அதை டேவிஸில் இருந்த சார்லஸ் ரிக்குக்கு அனுப்பினார். ரிக் சுமார் பத்தாண்டுகள் அதை நாட்டுத் தக்காளியோடு திரும்பத் திரும்பக் கலந்து, சர்க்கரை உள்ளிட்ட திடப்பொருள் கூடிய செடிகளைப் பெற்றார். சாஸ், பேஸ்ட் தயாரிக்கும் தொழிலுக்கு அது பெரும் ஆதாயம். தண்ணீரை வற்றவைக்கும் செலவு குறைகிறது அல்லவா? அந்த விதை வளர்ந்த மண்ணுக்கு உரிய மக்களுக்கு அதில் பங்கு கிடைத்ததாகத் தெரியவில்லை. இந்தக் கதை கீழே சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

மஞ்சள் தக்காளியை யார் வாங்குவார்?

தைவானில் 1971-இல் தொடங்கப்பட்டு, இன்று உலகக் காய்கறி மையம் என்று அழைக்கப்படும் ஆய்வு நிலையம் ஓர் ஆரஞ்சு நிறத் தக்காளியை உருவாக்கியது. இதில் மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை ஏதுமில்லை, வழக்கமான கலப்புதான். சாதாரணச் சிவப்புத் தக்காளியை விட மூன்று முதல் ஆறு மடங்கு பீட்டா கரோட்டின் இதில் உண்டு. உடல் அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். ஏழை நாட்டுக் குழந்தைகளின் கண்பார்வைக்காகச் செய்யப்பட்ட நல்ல முயற்சி. ஆனால் மஞ்சளாக இருப்பதைப் பழுக்காத பழம் என்று நினைத்து வாங்குபவர் ஒதுக்கிவிட்டனர். பீட்டா கரோட்டின் கூடினால் லைகோபீன் குறையும், சிவப்பு மங்கும். இரண்டும் ஒரே பாதையில் உருவாகும் பொருள்கள் என்பதால் இந்தச் சிக்கலைத் தவிர்ப்பது எளிதல்ல.

ஜப்பானில் 2021-இல் விற்பனைக்கு வந்த தக்காளி இன்னொரு பாதையில் போனது. 'காபா' என்ற பொருள் கூடுதலாக இருக்கும்படி மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரகம் அது. இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. இத்தகைய செய்தி இந்நாட்டு இந்தியர்களின் கவனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு உள்ள இந்தியர்களின் விகிதம் 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதிகம். ஆனால் அதே ஆய்வுதான் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னது. தட்டில் காய்கறியே இல்லாதபோது காய்கறிக்குள் சத்தைக் கூட்டுவது பாதி வேலைதான். விலை ஏறும் மழைக்காலத்தில் முதலில் குறைக்கப்படுவது கூடையில் உள்ள காய்கறிதான் என்பதை அடுக்குமாடி வீட்டில் குடித்தனம் நடத்தும் எவரும் அறிவர்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. லைகோபீன் பச்சையாகச் சாப்பிடுவதை விட, எண்ணெயில் வதக்கிச் சமைக்கும்போதுதான் உடலில் நன்றாகச் சேர்கிறது. தக்காளித் தொக்கும் சட்னியும் செய்யும் சமையலறைகள் இதைப் படிக்காமலே செய்துவந்திருக்கின்றன.

மலைக்குக் கீழே ஏன் விளைவதில்லை?

தக்காளிக்கு இரவு குளிர வேண்டும். இரவு வெப்பம் 21 டிகிரியைத் தாண்டிப் போகப் போக மகரந்தம் வலுவிழந்து, பூ உதிர்ந்துவிடும். சுங்கை சிப்புட்டிலோ காப்பாரிலோ இரவு வெப்பம் பெரும்பாலும் 23, 24-க்குக் கீழ் இறங்குவதில்லை. பூ நின்று காய்த்தாலும், சூடான ஈர மண்ணில் வாழும் பாக்டீரியா வாடல் நோய் காத்திருக்கும். காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தலைதொங்கி, இரண்டு நாளில் சாய்ந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. அதனால்தான் தக்காளி மலையேறியது. மலையில் நிலமோ குறைவு. பலர் வைத்திருப்பது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிகக் குடியேற்ற உரிமம் மட்டுமே. அதைக் குத்தகையாக மாற்றும் முயற்சி வழக்கு வரை போனது. காட்டை அழித்துச் சரிவை வெட்டியதன் விளைவை 2013-லும் 2014-லும் பெர்த்தாம் வேலி, ரிங்லெட் மக்கள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் கண்டனர். மலையை இன்னும் வெட்டித் தக்காளி போடுவது வழியாகாது.

ஆகவே சமவெளியில் காய்க்கும் தக்காளி என்பது வெறும் ஆய்வுக்கூட ஆசை அல்ல. மார்டி ஆய்வுக் கழகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதில் இறங்கி, எம்டி 1 போன்ற, வாடல் நோயை ஓரளவு தாங்கும் சமவெளி இரகங்களை வெளியிட்டது. அவை கலப்பினமல்ல. விதை எடுத்து மறுபடி நடலாம். ஆனால் பழம் சிறியது, மலைத் தக்காளியின் பளபளப்பு இல்லை. சந்தை அதைத் தேடவில்லை. வாடல் நோய்க்கு ஒட்டுக்கட்டுவது இன்னொரு வழி. நோய் தாங்கும் கத்தரிச் செடியின் வேரில் தக்காளித் தண்டை ஒட்டும் இந்த முறையை உலகக் காய்கறி மையம் ஆசிய நாடுகளில் பரப்பியது. வேலை அதிகம்தான், ஆனால் செடி பிழைக்கிறது.

பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு சந்தையில் நிற்க முடியாது என்பவர்களுக்குப் பெங்களூரில் ஒரு பதில் இருக்கிறது. அங்குள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சிக் கழகம் 'அர்கா ரக்‌ஷக்' என்ற கலப்பினத்தை வெளியிட்டது. இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் ஒரே செடி தாங்குகிறது. பழமும் உறுதியானது, தூரத்துச் சந்தைக்குப் போகும். ஓர் அரசு நிலையம் இதைச் செய்ய முடிந்தது, ஏனென்றால் அங்கே தக்காளிக்கென்று ஒரே குழு நீண்ட காலம் இடைவிடாமல் உழைத்தது. ஒரு நல்ல இரகம் வெளிவரப் பத்தாண்டு பிடிக்கும். மூன்றாண்டுத் திட்டங்களாக நிதி ஒதுக்கினால் பாதி வழியில் விதை உறைக்குள்ளேயே தங்கிவிடும்.

சட்டம் தொடும் இடம்

இப்போது 2004 சட்டத்துக்கு வரலாம். ஆசியாவில் விவசாயியை நினைத்து எழுதப்பட்ட சட்டங்களில் அது குறிப்பிடத்தக்கது. பதிவுபெற்ற இரகமாக இருந்தாலும் சிறு விவசாயி தன் நிலத்தில் விளைந்த விதையைத் தன் நிலத்திலேயே மறுபடி நடலாம். நியாயமான அளவில் மற்றச் சிறு விவசாயிகளோடு பரிமாறிக்கொள்ளலாம். பேரிடர், அவசரநிலை போன்ற காரணத்தால் தானே நட முடியாமல் போனால், தேவைக்குரிய அளவில் விற்கவும் இடமுண்டு. விவசாயிகளும் பூர்வகுடியினரும் உருவாக்கிய இரகத்தைப் பதிவு செய்ய விதிகள் இலகுவாக்கப்பட்டுள்ளன. புதிய இரகத்துக்கு உரிமை கோரும் நிறுவனம், மூல விதை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிவிக்க வேண்டும். பெருவின் பச்சைத் தக்காளிக்கு நடந்தது ஓராங் அஸ்லி கிராமத்துப் பயிருக்கு நடக்காமல் இருக்க வைத்த வேலி அது.

யூபோவ் 1991 உடன்படிக்கையில் விதை பரிமாற்றத்துக்கும் விற்பனைக்கும் இடமில்லை. சொந்த நிலத்தில் மறுநடவு செய்வதைக்கூட, உரிமையாளரின் நலனைக் காத்து, ஒரு வரம்புக்குள் நாடுகள் அனுமதிக்கலாம் என்ற அளவில்தான் அது விடுகிறது. மூல விதையின் பிறப்பிடத்தைச் சொல்வது உரிமைக்கு ஒரு நிபந்தனையாவதையும் யூபோவ் ஏற்பதில்லை.

விதை நிறுவனங்கள் வேறுவிதமாக வாதிடுகின்றன. பாதுகாப்பு இல்லாத நாட்டுக்குப் புதிய, நல்ல இரகத்தைக் கொண்டுவர எங்களுக்குத் தயக்கம் இருக்கும் என்கின்றன. சிங்கப்பூர் 2004-லும் வியட்நாம் 2006-லும் யூபோவில் சேர்ந்துவிட்டன என்பதையும் சுட்டுகின்றன. தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் ஆகியவை சேரவில்லை. அங்கே விதைத் தொழில் ஒன்றும் நின்றுவிடவில்லை. தாய்லாந்து வட்டாரத்திலேயே பெரிய காய்கறி விதை ஏற்றுமதி நாடாக இருக்கிறது. நிறுவனங்களின் வாதத்தில் தக்காளியைப் பொறுத்தவரை ஒரு பெரிய ஓட்டையும் உண்டு: கலப்பினத்தின் பெற்றோர் செடிகள் நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை எவரும் நகலெடுப்பது கடினம்.

அப்படியானால் கேமரன் மலையில் கலப்பினம் நடுபவருக்கு இந்த மாற்றத்தால் நாளையே ஒன்றும் ஆகிவிடாது. அவர் ஏற்கெனவே பொட்டலத்தைத்தான் நம்பி இருக்கிறார். பாதிக்கப்படக்கூடியவர், விதை எடுத்து நடக்கூடிய இரகத்தை நம்புபவர். வீட்டுக்குப் பின்னால் மிளகாய், கத்தரி, பாகற்காய், முருங்கையோடு நாலு தக்காளிச் செடியும் வைத்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துத் தங்கச்சி வீட்டுக்கும் கொடுப்பவர். சமவெளிக்கு நாளை ஒரு நல்ல தக்காளி இரகம் வந்தால், அது தோட்டத்தை விட்டு நகர்ந்தவர்களின் சின்ன நிலங்களில் கைமாறிப் பரவ முடியுமா என்பது சட்டத் திருத்தத்தின் அந்த ஓரிரு வரிகளைப் பொறுத்திருக்கிறது.

திருத்த மசோதா எந்த வடிவில் வந்தாலும் விவசாயச் சங்கங்கள் முதலில் பார்க்க வேண்டியது, சிறு விவசாயிக்கான விலக்குகளைப் பட்டியலிடும் 31-ஆம் பிரிவு. இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, வேளாண்மை, உணவு உறுதி அமைச்சு சமவெளித் தக்காளி ஆய்வுக்கு மார்டிக்குத் தொடர்ச்சியாக எத்தனை ஆண்டுக்கு நிதி தரப்போகிறது என்பது. விதை விலை ஏறும்போது மலையில் நடக்கும் கூட்டங்களில் உரமும் ஆள் பற்றாக்குறையும் பேசப்படும் அளவுக்கு இந்த இரண்டும் இதுவரை பேசப்படவில்லை.